மலையைக் கெல்லிப் பிடித்த எலி

(மக்கள் கூடும் மியூசியங்கள் – 9)

அருங்காட்சியகத்தில் எலி புகுந்துவிட்டால் என்ன செய்வார்கள்? பொறி வைப்பார்கள், மருந்து வைப்பார்கள், விஷயம் வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வார்கள். பழைய துணி, தோல், காகிதம் என்று எலிக்குப் பிடித்ததையெல்லாம் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் இடமாயிற்றே! 1969 நவம்பரில் வாஷிங்டன் நகரத்து அருங்காட்சியகம் ஒன்று உயிருள்ள எலிகளைக் கொண்டுவந்து கண்ணாடிக்குள் விட்டு, வாருங்கள் வந்து பாருங்கள் என்று ஊரைக் கூப்பிட்டது.

கூப்பிட்டது சில்லறை நிறுவனம் இல்லை. ரைட் சகோதரர்களின் விமானத்தையும் ஹோப் வைரத்தையும் வைத்திருக்கிற ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் கிளைதான் அது. மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை என்று நாம் ஏளனமாகச் சொல்வோம். இந்த எலியைப் பிடிப்பதற்கு அந்த மலையைக் கெல்லியது தகும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

வாஷிங்டனின் தென்கிழக்கே, ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கிறது அனகோஸ்டியா. 1854-இல் யூனியன்டவுன் என்ற பெயரில் அங்கே மனை போட்டு விற்றபோது கறுப்பர்களுக்கு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதினார்கள். அடிமை முறை ஒழிந்த பிறகு, 1867-இல், பக்கத்து பேரி ஃபார்ம் நிலம் விடுதலை பெற்றவர்களுக்கு மனைமனையாக விற்கப்பட்டது. அடிமையாகப் பிறந்து தப்பி வந்து நாடறிந்த பேச்சாளரான ஃபிரடெரிக் டக்ளஸ் 1877-இல் யூனியன்டவுன் மேட்டிலேயே வீடு வாங்கினார். பத்திரத்தில் எழுதியது எழுதியபடி கிடக்க, டக்ளஸ் அங்கே குடியேறினார். எனக்குப் பிடித்த வரலாற்றுக் காட்சிகளில் இதுவும் ஒன்று.

அது பழைய கதை. 1950-களில் நகரத்தின் தென்மேற்குப் பகுதியைச் சீரமைக்கிறோம் என்று இடித்துத் தள்ளியபோது, அங்கிருந்த கறுப்பினக் குடும்பங்கள் பலவும் ஆற்றைத் தாண்டி இங்கே வந்தன. வெள்ளையர்கள் ஒவ்வொருவராக வீட்டை விற்றுவிட்டுப் புறநகருக்குப் போனார்கள். 1960-களின் நடுவில் அனகோஸ்டியா என்றாலே நெருக்கமான வாடகை வீடுகள், அள்ளாத குப்பை, வேலையில்லாத இளைஞர்கள் என்ற பேச்சுத்தான்.

அப்போது ஸ்மித்சோனியனின் செயலாளராக இருந்தவர் டில்லன் ரிப்ளி. நம் ஊர்ப் பறவை ஆர்வலர்களுக்குத் தெரிந்த பெயர்தான். சாலிம் அலியோடு சேர்ந்து இந்திய, பாகிஸ்தான் பறவைகளைப் பற்றிய பத்துத் தொகுதிக் கையேட்டை எழுதியவர். நகரத்தின் நடுவில் இத்தனை பெரிய கட்டடங்கள் இருந்தும் பக்கத்திலேயே வாழ்கிற ஏழைகள் உள்ளே வருவதில்லையே என்பது அவருடைய உறுத்தல். அவர்கள் வராவிட்டால் நாம் அவர்கள் தெருவுக்குப் போவோம், ஒரு கடையளவு இடம் போதும் என்றார். அனகோஸ்டியாக்காரர்கள் குழு அமைத்துக்கொண்டு தங்கள் பகுதியிலேயே அது வரவேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள். மூடிக் கிடந்த கார்வர் தியேட்டர் என்ற சினிமாக் கொட்டகை கிடைத்தது. 1967 செப்டம்பர் 15 அன்று அனகோஸ்டியா அக்கம்பக்க அருங்காட்சியகம் அங்கே திறக்கப்பட்டது. பெயரிலேயே அக்கம்பக்கம்!

இயக்குநராக வந்தவர் ஜான் கினார்ட். வயது முப்பது சொச்சம். படித்தது இறையியல், பார்த்தது சமூகப் பணி. அருங்காட்சியக அனுபவம் சுத்தமாகக் கிடையாது. கல்விப் பிரிவின் பொறுப்புக்கு வந்தவர் ஜோரா மார்ட்டின். பின்னாளில் ஜோரா மார்ட்டின் ஃபெல்டன். அவரும் சமூகப் பணியிலிருந்து வந்தவர். இருவருக்கும் பானை ஓட்டின் காலத்தைக் கணிக்கத் தெரியாது. எந்தத் தெருவில் எந்த வீட்டுப் பையன் பள்ளிக்கூடம் போகாமல் சுற்றுகிறான் என்பது தெரியும்.

பொதுவாக இந்தக் கல்விப் பிரிவு என்பதற்கு அருங்காட்சியகங்களில் என்ன மரியாதை என்று உள்ளே வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். காப்பாட்சியர் பொருளைத் தேர்ந்தெடுப்பார், விளக்கம் எழுதுவார், விளக்குப் போடச் சொல்வார். எல்லாம் முடிந்து நாடாவும் வெட்டிய பிறகுதான் கல்வி அலுவலருக்கு ஆள் அனுப்புவார்கள். பள்ளிப் பிள்ளைகள் நூற்றைம்பது பேர் பேருந்தில் வந்திருக்கிறார்கள், கையைக் கட்டி வரிசையில் கூட்டிக்கொண்டு போங்கள், எதையும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எங்கே, கழிப்பறை எங்கே என்று காட்டுவதும் அவர் வேலைதான். சமையல் முடிந்த பிறகு பரிமாற மட்டும் கூப்பிடுகிற மாதிரி.

கார்வர் தியேட்டரில் பந்தி தலைகீழாக நடந்தது. திறப்பு விழாவுக்கு ஸ்மித்சோனியன் தன் கிடங்கிலிருந்து பல சாமான்களை அனுப்பியிருந்தது. மெர்க்குரி விண்கலத்துக்குள் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்தார்கள். 1890-களின் அனகோஸ்டியா மளிகைக் கடை ஒன்றை அப்படியே அமைத்து, வெண்ணெய் கடையும் பானை, காப்பிக்கொட்டை அரைக்கும் கை இயந்திரம், தண்ணீர் பம்பு என்று எல்லாவற்றையும் தொட்டுச் சுற்றிப் பார்க்க விட்டார்கள். கழற்றிப் போட்ட எலும்புக்கூட்டைப் பிள்ளைகளே பூட்டிப் பார்த்தார்கள். ஒரு மூலையில் குரங்கும் கிளியுமாகக் குட்டி விலங்குக்காட்சியும் இருந்தது.

(சென்னைக்காரர்கள் எழும்பூர் மியூசியத்துக்குச் செத்த காலேஜ் என்றும், விலங்குக்காட்சி சாலைக்கு உயிர் காலேஜ் என்றும் பெயர் வைத்தவர்கள். 1850-களில் எட்வர்ட் பால்ஃபர் எழும்பூர் வளாகத்திலேயே உயிருள்ள விலங்குகளை வைத்தபோது கூட்டம் பெருகிய கதை உண்டு. அனகோஸ்டியாவில் இரண்டு காலேஜும் ஒரே சினிமாக் கொட்டகையில்!)

அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பள்ளி விட்டதும் நேரே இங்கே வந்தார்கள். தினமும் வருகிற பிள்ளைக்கு எலும்புக்கூடு எத்தனை நாளைக்குப் புதுமையாக இருக்கும்? வந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். ஜோரா மார்ட்டினின் பிரிவுக்கு அந்தப் பேச்சுத்தான் சரக்கு. இளைஞர்களுக்கென்றே ஓர் ஆலோசனைக் குழுவும் வைத்திருந்தார்கள். பிள்ளைகளின் பேச்சில் திரும்பத் திரும்ப வந்தது எலி. சமையலறையில் எலி, கட்டிலுக்கடியில் எலி, தூங்குகிற குழந்தையைக் கடித்த எலி.

இந்த இடத்தில் அந்த ஊர் அரசியலைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எலி அங்கே ஏற்கெனவே அரசியல்தான். 1964-இல் ஜூலியஸ் ஹாப்சன் என்ற போராளி, கறுப்பினப் பகுதிகளில் எலிகளைப் பிடித்துக் கூண்டிலடைத்து, காரின் கூரையில் கட்டிக்கொண்டு ஜார்ஜ்டவுன் வழியாக ஊர்வலம் போனார். ஜார்ஜ்டவுன் பணக்காரர்களின் பேட்டை. எங்கள் பகுதியில் எலி ஒழிக்க ஏற்பாடு செய்யாவிட்டால் இவற்றை இங்கே திறந்துவிடுவேன் என்றார். அவரிடம் இருந்த எலிகள் என்னவோ கொஞ்சம்தான். மிரட்டல் பலித்தது, எலி ஒழிப்புப் படை வந்தது.

அடுத்தது இன்னும் மோசம். நகர்ப்புறங்களில் எலியை ஒழிக்க 4 கோடி டாலர் கேட்டு அதிபர் லிண்டன் ஜான்சனின் அரசு மசோதா கொண்டுவந்தது. 1967 ஜூலை 20 அன்று பிரதிநிதிகள் சபையில் அது விவாதத்துக்கு வந்தபோது உறுப்பினர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிவில் ரைட்ஸ் மசோதா தெரியும், இது சிவில் ராட்ஸ் மசோதாவா என்று சிலேடை. பூனை வாங்கி விடுங்களேன் என்று யோசனை. வாக்கெடுப்பில் ஆதரவு 176, எதிர்ப்பு 207. வெளியே எழுந்த கண்டனத்துக்குப் பிறகு அதே ஆண்டில் வேறொரு சுகாதாரச் சட்டத்துக்குள் வைத்து நிறைவேற்றினார்கள் என்பது வேறு. அந்தச் சபைக்கும் அனகோஸ்டியாவுக்கும் நடுவில் சில கிலோமீட்டர் தூரமும் ஓர் ஆறும்தான். அந்தச் சபையில் வாக்களிக்க வாஷிங்டன்வாசிகளுக்கு ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது, இன்றுவரை கிடையாது. சபை சிரித்து முடித்து எட்டு வாரம் கழித்துத்தான் கார்வர் தியேட்டர் திறந்தது.

ஆகவே பிள்ளைகள் எலி என்று சொன்னபோது, அந்தப் பேச்சை விட்டுத் தள்ளுங்கள், விண்கலத்தைப் பார்க்கலாம் வாருங்கள் என்று சொல்லாததை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். கண்காட்சி வைத்தார்கள். 1969 நவம்பரில் தொடங்கி 1970 ஜனவரி வரை நடந்தது. நகரத்து வாடகை வீட்டின் பின்கட்டு ஒன்றைக் குப்பைகூளத்தோடு அமைத்து, அதற்குள் எலிகளை விட்டிருந்தார்கள். மற்ற அருங்காட்சியகங்களில் புலி, சிங்கத்துக்குச் செய்கிற காட்டுப் பின்னணி மாதிரி, எலிக்கு அதன் சொந்தச் சூழல். பக்கத்தில் எலியின் வரலாறு, அது கொண்டுவரும் நோய்கள், அதை ஒழிக்கும் வழிகள். எலியின் முன்பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால்தான் அது எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கிறது. கருவுற்ற மூன்று வாரத்தில் குட்டி போடும், அந்தக் குட்டிகள் மூன்று மாதத்துக்குள் தாமும் பெருகத் தயாராகிவிடும். இரவில் சத்தத்தை மட்டும் கேட்டுப் பயந்த பிள்ளை, வெளிச்சத்தில் நின்று எதிரியை நிதானமாகப் பார்க்கலாம். உயிரியல் பாடம் என்று சொன்னால் உயிரியல் பாடம்தான்.

கண்காட்சிக்கு வைத்த தலைப்பைத் தமிழில் சொன்னால், எலி: மனிதன் அழைத்து வந்த துன்பம். அழைத்து வந்த என்ற சொல்தான் அதில் முள். யார் அழைத்தது? குப்பையை மூடி வைக்காத குடித்தனக்காரரா, சுவர் ஓட்டையை அடைக்காத வீட்டுக்காரரா, குப்பை வண்டியை அனுப்பாத நகர நிர்வாகமா? பாதிக்கப்பட்டவர்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற தலைப்பு என்று முதலில் எனக்குப் பட்டது. யோசித்தால், அந்தக் கேள்வியோடு ஆட்கள் வெளியே போகவேண்டும் என்றுதான் அப்படி வைத்தார்கள் போலும். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள் நம் பெரியவர்கள். அனகோஸ்டியாவில் தனி வளை எலிக்கு இருந்தது, மனிதர்கள்தான் வாடகைக்கு இருந்தார்கள்.

இதெல்லாம் ஓர் அருங்காட்சியகத்தின் வேலையா, சுகாதாரத் துறை செய்யவேண்டியது இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சுகாதாரத் துறையின் துண்டுப்பிரசுரத்துக்கு யாரும் குடும்பத்தோடு கிளம்பிப் போவதில்லை என்பதுதான் என் பதில். கினார்டின் குழு நிற்கவும் இல்லை. 1970-இல் லார்ட்டன் சிறைவாசிகளைப் பற்றி ஒரு கண்காட்சி. பிறகு குற்றம், போதைப்பொருள், வீட்டுவசதி, பள்ளிக்கூடம், வேலையின்மை என்று ஊர்க்காரர்கள் சொன்ன பிரச்சினைகளை எடுத்துக்கொண்டார்கள். நேரில் வர முடியாதவர்களுக்கு வேனில் காட்சிப்பொருள் போனது.

பாரம்பரியம் எங்கே போயிற்று என்று தோன்றுகிறதல்லவா? அது 1977-இல் வந்தது. லூயிஸ் டேனியல் ஹட்சின்சன் ஆய்வு செய்து அமைத்த அனகோஸ்டியாவின் கதை என்ற கண்காட்சி, 1608 முதல் 1930 வரையான அந்த மண்ணின் வரலாற்றைச் சொன்னது. ஆரம்பத்தில் சேகரிப்பென்று சொந்தமாக எதுவும் இல்லாத அருங்காட்சியகம் அது. இப்படிப்பட்ட வரலாறு அரசு ஆவணக் காப்பகத்தில் பாதிதான் கிடைக்கும். மீதி வீடுகளில், இரும்புப் பெட்டிகளில், பழைய புகைப்பட உறைகளில், கிழவிகளின் நினைவில் இருக்கிறது. முன்பின் தெரியாத அதிகாரி வந்து கேட்டால் எந்த வீட்டிலும் பெட்டியைத் திறக்கமாட்டார்கள். பத்து வருடம் முன்னால் நம் வீட்டு எலியைப் பற்றிக் காது கொடுத்துக் கேட்டவர்கள் என்றால் திறப்பார்கள். இது என் ஊகம்தான். ஆனால் வீடு வீடாகப் போய்ப் பழைய பொருள் கேட்டு வாசலோடு திரும்பியவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

ஒரு குறையும் சொல்லவேண்டும். 1987-இல் அருங்காட்சியகம் கார்வர் தியேட்டரை விட்டு ஃபோர்ட் ஸ்டான்டன் பூங்கா மேட்டில் புதிதாகக் கட்டிய கட்டடத்துக்குப் போனது. நல்ல கட்டடம், பொருட்களைப் பாதுகாக்க ஏற்ற வசதி. ஆனால் கடைத்தெருவில், பேருந்து நிற்கும் இடத்தில் இருந்தவரை, சும்மா போகிறவர்களும் எட்டிப் பார்த்தார்கள். மேட்டுக்குப் போகவேண்டுமென்றால் அதற்கென்று கிளம்பவேண்டும். பள்ளி விட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் பிள்ளைக்கு அது தோதுப்படாது. அதே சமயத்தில் பெயரிலிருந்து அக்கம்பக்கமும் கழன்றுகொண்டது. வெறும் அனகோஸ்டியா அருங்காட்சியகம் ஆனது. 2006-இல்தான் பெயரில் சமூகம் என்ற சொல்லைச் சேர்த்தார்கள்.

கினார்ட் 1989-இல், 52 வயதில் காலமானார். ஜோரா மார்ட்டின் ஃபெல்டன் 1994 வரை வேலை பார்த்தார். திறப்பு விழா ஆண்டிலிருந்து கணக்குப் போட்டால் 27 வருடம்.

அடுத்த முறை உங்கள் மாவட்ட அருங்காட்சியகத்துக்குப் போனால், நடுகல்லையும் நாணயத்தையும் பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடாதீர்கள். காப்பாட்சியர் அறை எங்கே என்று கேளுங்கள். உங்கள் தெருவில் ராத்திரித் தூக்கத்தைக் கெடுப்பது எது என்று அவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.