பட்டம் விடுவதும் பாடம்தான்: பௌஹவுஸ் மாணவர்களின் கதை

ஒரு கல்லூரி தொடங்கும்போது வெளியிடும் அறிக்கையில் என்னவெல்லாம் இருக்கும்? என்ன படிப்பு, யாருக்கு இடம், எவ்வளவு ஃபீஸ். 1919-ல் ஜெர்மனியின் வைமார் நகரில் தொடங்கிய பௌஹவுஸ் கலைப்பள்ளியின் அறிக்கையிலும் இதெல்லாம் இருந்தது. கூடவே இன்னொன்றும் இருந்தது. வேலை நேரத்துக்கு வெளியே ஆசிரியர்களும் மாணவர்களும் நண்பர்களாகப் பழக வேண்டும், அதற்காக நாடகம், உரை, கவிதை, இசை, மாறுவேட விருந்து எல்லாம் நடத்தப்படும் என்று அதில் எழுதியிருந்தார்கள்.

நான் பி.இ. படித்த காலத்தில் கல்ச்சுரல்ஸ் என்றால் மூன்று நாள் கிளாஸ் கிடையாது. நாலாம் நாள், "ஆட்டம் போட்டது போதும், படிக்கிற வழியைப் பாருங்க" என்பார்கள். ஆட்டம் வேறு, படிப்பு வேறு. பௌஹவுஸில் இந்தக் கோட்டையே போடவில்லை. ஏன் போடவில்லை, அதனால் என்ன விளைந்தது என்று பார்ப்போம்.

காசில்லாத காலம்

முதல் உலகப்போர் அப்போதுதான் முடிந்திருந்தது. நாடு தோற்றுப் போய், ரொட்டிக்கே திண்டாட்டம். போர்முனையிலிருந்து நேராக வந்து சேர்ந்த இளைஞர்கள் பலர். கட்டடக் கலைஞர் வால்ட்டர் குரோப்பியஸ், வைமாரில் இருந்த நுண்கலைக் கல்லூரியையும் கைத்தொழில் பள்ளியையும் ஒன்றாக இணைத்து பௌஹவுஸைத் தொடங்கினார். ஓவியன் உசத்தி, தச்சன் மட்டம் என்ற பேச்சே இருக்கக் கூடாது என்பது அவர் கட்சி. ஆசிரியர்களுக்குப் பேராசிரியர் பட்டம் கிடையாது. பட்டறையில் சொல்வது போல 'மாஸ்டர்'தான்.

யோசஃப் ஆல்பர்ஸ் என்ற மாணவரின் கதையைப் பாருங்கள். பள்ளி ஆசிரியராக இருந்தவர், 1920-ல் தன் 32-வது வயதில் இங்கே மறுபடி மாணவராகச் சேர்ந்தார். கண்ணாடியில் வேலை செய்ய ஆசை. கண்ணாடி வாங்கக் காசில்லை. முதுகில் ஒரு பை, கையில் ஒரு சுத்தியல். ஊர்க் குப்பைமேட்டுக்குப் போய் உடைந்த பாட்டில்களையும் கண்ணாடித் துண்டுகளையும் பொறுக்கி வந்தார். அவற்றைச் சேர்த்துக் கட்டி வெளிச்சம் ஊடுருவும் ஓவியங்கள் செய்தார். 1923-ல் அதே பள்ளி அவரை ஆசிரியராக்கியது.

பட்டமும் விளக்கும்

வைமார் வருடங்களில் நான்கு திருவிழாக்கள் வழக்கமாயின: விளக்குத் திருவிழா, கோடைத் திருவிழா, இலையுதிர் காலத்தில் பட்டத் திருவிழா, கிறிஸ்துமஸ். பட்டம் என்றால் கடையில் வாங்கியது அல்ல. மாணவர்கள் தாங்களே குச்சி சீவி, காகிதம் ஒட்டி, விதவிதமான வடிவங்களில் செய்தவை. அவற்றைத் தூக்கிக்கொண்டு ஊர்வலமாகக் குன்றுக்குப் போவார்கள். ஊர்க் குழந்தைகள் வேடிக்கை பார்ப்பார்கள். விழா அழைப்புக்கு அஞ்சலட்டைகளும் சொந்தத் தயாரிப்புதான். பால் க்ளே போன்ற பெரிய ஓவியர்களும் மாணவர்களும் சேர்ந்தே 1922-ல் அவற்றை அச்சிட்டார்கள்.

ஒரு எஞ்சினியராகப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது: பட்டம் ஏமாற்ற முடியாத ஒரு பரீட்சை. எடை கூடினாலும் சமநிலை கொஞ்சம் தப்பினாலும் ஏறாது. அழகாக இருக்கிறதா என்று விவாதிக்கலாம். பறக்கிறதா என்று விவாதிக்க முடியாது. அதுவும் ஊரே பார்க்க. மார்க் போட ஆள் தேவையில்லை, காற்றே போட்டுவிடும்!

இதே 1922-ன் கடைசியில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டானது. கலை வரலாற்றாளர் ஸ்டெல்லா க்ராம்ரிஷ் எடுத்த முயற்சியால், க்ளே, கண்டின்ஸ்கி முதலானோரின் படைப்புகள் கப்பலேறி கல்கத்தா கண்காட்சிக்கு வந்தன. மாணவர்கள் சிலருடைய படைப்புகளும் அவற்றோடு வந்தன.

ஊர்ப் பெரியவர்கள் எல்லாருக்கும் இந்தக் கூட்டம் பிடித்தது என்று சொல்ல முடியாது. மொட்டை அடித்துக்கொண்டும் விசித்திர உடை போட்டுக்கொண்டும் திரிந்தவர்களைப் பார்த்து முகம் சுளித்தார்கள். "சொன்ன பேச்சு கேக்கலைன்னா பௌஹவுஸ்ல கொண்டு போய் விட்டுடுவேன்" என்று பிள்ளைகளை மிரட்டுவார்களாம்.

பொம்மை செய்த பெண்

இங்கே ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். ஆண், பெண் வித்தியாசம் கிடையாது என்று குரோப்பியஸ் ஆரம்பத்தில் அறிவித்தார். நிறையப் பெண்கள் வந்து சேர்ந்ததும், பெரும்பாலோரை நெசவுப் பட்டறைப் பக்கம் தள்ளினார்கள். அந்தப் பட்டறையை குன்டா ஷ்டோல்ஸல், ஆனி ஆல்பர்ஸ் போன்றவர்கள் புகழ்பெறச் செய்தது வேறு கதை.

நெசவிலிருந்து மரப் பட்டறைக்கு மாறிப் போனவர் அல்மா புஷர். 1923-ல் அவர் செய்த ஒரு பொம்மை: வண்ணம் பூசிய 22 மரக்கட்டைகள். அடுக்கினால் கப்பலாகும், மாற்றி அடுக்கினால் பாலமாகும், குழந்தை நினைத்தால் வேறு எதுவுமாகும். மற்ற மாணவர்கள் நாற்காலியும் விளக்கும் செய்துகொண்டிருந்தபோது, 'விளையாட்டுச் சாமான்' என்று சிலர் லேசாக நினைத்த விஷயம் இது. நூறு ஆண்டுக்குப் பிறகும் அது விற்பனையில் இருக்கிறது.

ஒரு செய்தித்தாளில் ஒரு வகுப்பு

பள்ளி 1925-ல் டெஸ்ஸாவ் நகருக்கு இடம் மாறியது. அங்கே ஆல்பர்ஸ் எடுத்த ஒரு வகுப்பை அவருடைய மாணவர் ஒருவர் பின்னாளில் விவரித்திருக்கிறார். ஒரு கட்டு செய்தித்தாளோடு ஆல்பர்ஸ் உள்ளே வந்தார். ஆளுக்கு ஒன்று கொடுத்தார். இதை வைத்து ஏதாவது செய்யுங்கள், காகிதம் வீணாகக் கூடாது, முடிந்தால் கத்தரி, பசை இல்லாமல் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சில மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது கோட்டை, படகு, விமானம், மிருகம் என்று தரையெல்லாம் பரப்பி வைத்திருந்தார்கள். இதெல்லாம் பாலர் பள்ளி வேலை, வேறு பொருளில் இன்னும் நன்றாகச் செய்யலாமே என்றார். அவர் கையில் எடுத்தது வேறு ஒன்று. பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஒரு மாணவர் காகிதத்தை நீளவாக்கில் மடித்து நிறுத்தியிருந்தார், அவ்வளவுதான். படுத்துக் கிடக்கிற காகிதத்துக்கு ஒரு பக்கம்தான் தெரியும். மடித்து நிறுத்தினால் இரண்டு பக்கமும் தெரிகிறது, தொய்கிற பொருளுக்கு விறைப்பு வந்துவிடுகிறது. காகிதத்தால் மட்டுமே முடிகிற காரியம் இது என்று ஆல்பர்ஸ் விளக்கினார்.

நூறு வரி கோடில் எழுதியதைப் பத்து வரியில் எழுதிக் காட்டும் சீனியரிடம் மாட்டியவர்களுக்கு இந்த வகுப்பு நன்றாகவே புரியும்.

தகரத் திருவிழா

டெஸ்ஸாவ் கட்டடத்தில் மாணவர்கள் தங்க 28 அறைகள் இருந்தன. பல அறைகளுக்குச் சின்ன பால்கனி உண்டு. அவற்றில் தொற்றி ஏறி நிற்கும் மாணவர்களின் படங்கள் இன்றும் பிரபலம். மாணவர் லக்ஸ் ஃபைனிங்கர் 1927 வாக்கில் எடுத்த புகைப்படம் ஒன்றில், பந்தாடும் இருவர் எம்பிக் குதிக்க, பின்னால் உள்ள கட்டடத்தையே தாண்டுவது போலத் தெரியும். ஆண்டோர் வைனிங்கர் என்ற மாணவர் தொடங்கிய இசைக்குழு வேறு இருந்தது.

எல்லாவற்றுக்கும் உச்சம் 1929 பிப்ரவரி 9-ல் நடந்த உலோக விழா. தகரம், அலுமினியத் தாள், கரண்டி, பாத்திரம் என்று பளபளப்பதை எல்லாம் மாட்டிக்கொண்டு வரவேண்டும். வாசல் வழியாக நடந்து வர முடியாது. தகரம் அடித்த சறுக்குமரத்தில் சறுக்கித்தான் உள்ளே நுழைய வேண்டும். மேயரானாலும் சரிதான்! உள்ளே பளபளக்கும் உருண்டைகள் தொங்க, சுவரெல்லாம் வெளிச்சம் சிதறியது.

வெறும் கூத்தா இது? ஒரே பொருள் என்று விதி வைத்து, குறித்த தேதிக்குள், ஊர் முன்னால் செய்து காட்ட வேண்டும். பட்டத்திலும் செய்தித்தாளிலும் இருந்த அதே மூன்று நிபந்தனைகள்தான். விளையாட்டு என்றால் இஷ்டத்துக்கு இருப்பது என்று நாம் நினைக்கிறோம். விதி இல்லாத விளையாட்டு எங்கே இருக்கிறது?

பள்ளி போன பிறகு

நாஜிகளின் கை ஓங்கியதும் டெஸ்ஸாவ் பள்ளி 1932-ல் மூடப்பட்டது. பெர்லினில் ஒரு பழைய தொழிற்சாலையில் தொடர்ந்தார்கள். 1933 ஏப்ரலில் போலீஸ் சோதனை. அந்தக் கோடையோடு கதை முடிந்தது.

இப்படிப் படித்தவர்கள் எல்லாரும் நல்லவர்களாக ஆனார்களா? இல்லை. ஃப்ரிட்ஸ் எர்டில் என்ற பழைய மாணவர் அவுஷ்விட்ஸ் வதைமுகாமின் கட்டட வரைபடங்களில் வேலை செய்தார். கற்றுக்கொண்ட திறமையை எதற்கும் பயன்படுத்தலாம்.

ஃப்ரீடல் டிக்கரும் அங்கே படித்தவர்தான். வியன்னாக்காரர், யூதர். வைமாரின் முதல் மாணவர்களில் ஒருவர். அவரை 1942 டிசம்பரில் டெரஸீன் என்ற அடைப்பு நகருக்கு அனுப்பினார்கள். ஆளுக்கு 50 கிலோ மூட்டைதான் அனுமதி. அதற்குள் வரைபொருட்களை எடுத்துப் போனார் என்கிறார்கள். அங்கே பெற்றோரைப் பிரிந்து அடைபட்டிருந்த குழந்தைகளுக்கு அவர் வகுப்பு எடுத்தார். கிடைத்த காகிதமெல்லாம், பழைய படிவங்களின் பின்பக்கம்கூட, வரைபடத் தாளாயிற்று. பௌஹவுஸில் தான் செய்த அதே தாளப் பயிற்சிகள், துண்டுக் காகிதம் ஒட்டும் பயிற்சிகள். வரைந்து முடித்ததும் பெயர் எழுதச் சொல்வார். முகாமில் எண்ணாக இருந்த குழந்தைக்குப் படத்தின் மூலையில் ஒரு பெயர் இருந்தது.

1944 அக்டோபரில் அவரை அவுஷ்விட்ஸுக்கு அனுப்பிக் கொன்றார்கள். போவதற்கு முன் சுமார் 4,500 படங்கள் இரண்டு பெட்டிகளில் ஒளித்து வைக்கப்பட்டன. இப்போது அவை பிராகில் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வரைந்த குழந்தைகளில் பெரும்பாலோர் உயிரோடு திரும்பவில்லை. காசில்லாத ஊரில் கையில் கிடைத்ததை வைத்து விளையாடக் கற்றுக்கொண்ட ஒரு மாணவி, எல்லாமே பறிபோன ஊரில் அதையே சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதனால்தான் அந்தப் பிள்ளைகள் பலரின் பெயர் இன்று நமக்குத் தெரிகிறது.