தபால்தலை அளவில் ஒரு திகில்

ஒரு திகில் கணினி விளையாட்டை உருவாக்கச் சிலர் பல ஆண்டுகள் உழைத்திருப்பர். ஆனால், ‘ஸ்டீம்’ இணையக் கடையின் பட்டியலில் அதன் முகப்புப் படம் ஏறக்குறைய தபால்தலை அளவே தெரியும். அதைப் பார்த்தே பலர் நின்று கவனிக்கின்றனர். அல்லது கடந்து போகின்றனர்.

பேய், இரத்தம், பாழடைந்த வீடு என எல்லாவற்றையும் அதில் திணித்தால் வெறும் கறையே மிஞ்சும். 2017இல் வெளிவந்த ‘லிட்டில் நைட்மேர்ஸ்’ விளையாட்டின் நாயகி, மஞ்சள் மழையங்கி அணிந்த ஒரு சிறுமி. இருண்ட பின்னணியில் அந்த மஞ்சள் நிறம் உடனே கண்ணில் படுகிறது. அவள் மிகச் சிறியவள் என்பதே நம்மை அஞ்ச வைக்கிறது. பேயைக் காட்டுவதைவிட இது வலிமையானது.

2022 முதல் இப்படத்தில் பாராட்டு வரிகளையோ விருதுகளின் பெயர்களையோ சேர்க்க ஸ்டீம் அனுமதிப்பதில்லை. எஞ்சுவது விளையாட்டின் பெயர் மட்டுமே. இரத்தம் சொட்டும் எழுத்துகள் பெரிய சுவரொட்டிக்குப் பொருந்தலாம். இங்கோ அவற்றைப் படிக்கவே முடியாது.