சீட்டு வாங்கிப் பார்ப்பதும் சும்மா பார்ப்பதும்

ஈப்போவை அடுத்த சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பாதையில், கம்போங் ராஜாவையும் கோலா தெர்லாவையும் கடந்து திரிங்காப்பை வந்தடைகிற பிரயாணி, அது பள்ளி விடுமுறைக் காலமாக இருந்துவிட்டால், முன்னே நிற்கும் வண்டியின் எண் பலகையைச் சாவகாசமாக மனப்பாடம் செய்துகொள்ளலாம். ஏனெனில் அங்கிருந்து பிரிஞ்சாங்குக்குப் போகிற சில கிலோமீட்டர் தூரம் அன்று மணிக்கணக்கில் நீளும். கேமரன் மலையில் கொடுத்த காசுக்குப் பலனில்லை என்று வீடு திரும்பி அலுத்துக்கொள்கிறவர்கள், பிரவேசக் கட்டணத்தையும் பழத்தின் விலையையும் சொல்லுவார்களே தவிர, இந்தச் சாலையில் கரைந்த பொழுதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்த்துப் பார்த்தால் அதுதான் பெருஞ்செலவு.

இருந்தாலும் அவர்களுடைய மனக்குறை ஆதாரமற்றதென்று தள்ளிவிட முடியாது. ஸ்டிராபெரித் தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் கூரையின் கீழ் இடுப்பளவு உயரத்தில் நீண்ட மேடைகள். அவற்றின்மேல் தேங்காய் நார்த்தூள் அடைத்த பைகள். பைக்குப் பை சொட்டுச் சொட்டாய் உரநீர் ஊட்டும் மெல்லிய கறுப்புக் குழாய். வாசலில் ஒரு சிறு கூடையும் கத்தரிக்கோலும் கொடுத்து அனுப்புகிறார்கள். குழந்தைகள் ஆவலோடு ஓடிப் பார்த்தால், காலையில் வந்த கூட்டம் சிவந்ததையெல்லாம் கொய்துகொண்டு போயிருக்கும். இலைக்கடியில் பாதி வெளிறிய பழங்களே எஞ்சியிருக்கும். அவற்றைத் தேடிப் பிடித்துத் தராசில் வைக்கும்போது, ஏற்கெனவே பறித்துப் பெட்டியில் அடுக்கி வெளியே விற்கிற பழத்தைவிட நம் கையால் பறித்த பழத்துக்கு விலை கூடுதலென்று பல தோட்டங்களில் தெரியவரும். வேலையும் நாமே செய்து கூலியும் நாமே கொடுப்பதா என்று குடும்பத் தலைவர் கேட்கிற கேள்வி நியாயமானதே. ஆனால் அந்த வேலிக்குள் விலைபோவது குழந்தையின் அரைமணி நேரக் குதூகலம்; பழம் அதற்கு ஓர் இணைப்பு மாத்திரமே. இதை அறிந்து காசு கொடுக்கிறவர் நஷ்டப்பட்டதாக எண்ணமாட்டார்.

லவெண்டர் பூவின் விஷயம் இன்னும் சுவாரசியமானது. பிரான்சு தேசத்தின் தெற்கே, புரோவான்ஸ் பிரதேசத்தில், அடிவானம் வரை ஊதா நிறம் படர்ந்து கிடக்கும் வயல்களின் படத்தைப் பார்த்துவிட்டுத் திரிங்காப்பில் வந்து இறங்குகிறவர், மலைச்சரிவில் வரிசை வரிசையாக வைத்த செடிகளையும், அவற்றினிடையே வேறு பல வண்ண மலர்களையும் கண்டு, இவ்வளவுதானா என்று முகம் சுளிக்கிறார். குற்றம் தோட்டக்காரரிடம் இல்லை. லவெண்டர், மத்தியதரைக் கடலோரத்தின் வறண்ட, சுண்ணாம்பு கலந்த மண்ணுக்கு உரியது. நீர் தேங்கினால் அதன் வேர் அழுகிவிடும். தன் சொந்த மண்ணிலேயே கோடைகாலத்துச் சில வாரங்கள்தான் அது வயல் முழுவதும் பூத்து நிற்கும். பூமத்திய ரேகையிலிருந்து நாலரைப் பாகையில், ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற ஒரு மலையில் அது உயிரோடிருப்பதே வளர்ப்பவரின் சாமர்த்தியம். பாரிஸின் லூவர் சித்திரசாலையில் மோனா லிசாவின் முன்னே நெருக்கியடித்து நிற்கிறவர்களும், உலகப் பிரசித்தி பெற்ற அந்த ஓவியம் 77 சென்டிமீட்டர் உயரந்தான் என்பதைக் கண்டு திகைப்பதுண்டல்லவா? படம் பெரிதாக வாக்குக் கொடுத்துவிடுகிறது. அதற்கான வசவைச் சீட்டு விற்கிறவர் வாங்கிக்கொள்கிறார்.

சீட்டு விற்கிறவருக்கும் ஒரு நிர்ப்பந்தம் உண்டு. இம்மலையின் காய்கறித் தோட்டங்கள் பலவும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமத்தின் பேரில் நடந்து வந்தவை. உரம் விலையேறினாலும், மழை மண்ணை அடித்துக்கொண்டு போனாலும், ஆள் கிடைக்காமல் போனாலும் முட்டைக்கோசின் விலை தோட்டக்காரர் சொற்படி கேட்பதில்லை. வேலிக்குள் நான்கு பூச்செடி வைத்து ஒரு வாசலும் அமைத்துவிட்டால், கட்டணக் காசு அன்றைக்கே கைக்கு வந்துவிடுகிறது.

இவ்வளவுக்கும் நடுவே, கட்டணமில்லாமல் பார்க்கக்கூடிய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று பிரிஞ்சாங்குக்கு அருகே சுங்கை பாலாஸில் இருக்கிறது. 1885ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் கண்டு எழுதிய இம்மலையில், ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். பாரத் தோட்டம் 1933இல் வந்தது. காட்டை அழித்து, சரிவை வெட்டி, நிரை பிடித்துச் செடி நட்டவர்களில் தமிழர்களே மிகுதி. கங்காணியும் கிராணியும் லயமும் கோவிலுமாக அவர்கள் இங்கே வேரூன்றினார்கள். இன்று கொழுந்தெடுக்கும் வேலை பெரும்பாலும் வங்காளதேசத்தாருடைய கைக்கும் நேபாளத்தாருடைய கைக்கும் போய்விட்டது. கிள்ளியெடுத்த விரல்களின் இடத்தில் கத்தரியும் இயந்திரமும் வந்திருக்கின்றன.

போ தோட்டத்தாரின் சுங்கை பாலாஸ் தொழிற்சாலையின் வழியே நடந்தால், பச்சைக் கொழுந்து வாடி, உருண்டு கசங்கி, காற்றுப் பட்டுச் செம்பு நிறமாகி, அனலில் உலர்ந்து, சலித்துத் தரம் பிரிக்கப்படுவதை வரிசைக்கிரமமாகப் பார்க்கலாம். நாம் நாள்தோறும் குடிக்கிற ஒரு வஸ்து எப்படி உண்டாகிறதென்பதை இதைவிட எளிதாக எந்த ஆசிரியரும் போதிக்க முடியாது. அப்புறம் சரிவுக்கு மேலே நீட்டிக் கட்டியிருக்கும் தளத்தில் ஒரு கோப்பைத் தேநீருடன் உட்கார்ந்துவிட்டால், மூன்று பக்கமும் தேயிலை மலைதான். அந்தக் காட்சிக்கு எவரும் விலை கேட்பதில்லை.

ஆகவே கேமரன் மலைக்குக் கிளம்பும் அன்பர்களுக்கு என் அபிப்பிராயம் இது: குழந்தைகள் இருந்தால் ஸ்டிராபெரித் தோட்டம் ஒன்றே ஒன்று போதும், லவெண்டரைப் படத்தில் பார்த்தவர்கள் படத்தோடு நிறுத்திக்கொள்வது நலம், பள்ளி விடுமுறையையும் வார இறுதியையும் ஒதுக்கிவிட்டு, அதிகாலையிலேயே தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சேருங்கள். திங்கட்கிழமைகளில் சுங்கை பாலாஸ் மூடியிருப்பது வழக்கம். அன்றைக்குப் போய் நின்றுவிட்டு என்மேல் குறை சொல்ல வேண்டாம்.