குறுநாவலும் ஒரு வல்லூறும்

தமிழில் குறுநாவல் எனப்படும் வடிவத்துக்கு ஆங்கிலத்தில் நாவெல்லா என்று பெயர். அது ‘நொவெல்லா’ என்ற இத்தாலியச் சொல். புதுச் சேதி என்பது அதன் பழைய பொருள். 14ஆம் நூற்றாண்டில் பொக்காச்சியோ எழுதிய ‘டெக்கமெரான்’ நூலில், கொள்ளைநோய்க்கு அஞ்சி ஃபிளாரன்ஸ் நகரைவிட்டு வெளியேறிய பத்துப் பேர் பத்து நாளில் நூறு கதை சொல்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு நொவெல்லா. பெரும்பாலானவை சில பக்கங்களே. இன்றைய கணக்கில் சிறுகதைகள்.

இச்சொல்லின் வழிவந்த ஆங்கில ‘நாவல்’ நாளடைவில் நீண்ட கதைக்கே உரியதாகிவிட்டது. இடைப்பட்ட கதைக்கென மூலச்சொல் பின்னர் மறுபடியும் கடன் வாங்கப்பட்டது. தமிழோ நாவலுக்கு முன்னால் ‘குறு’ சேர்த்துக்கொண்டது. அமெரிக்காவின் நெபுலா விருதில் 17,500 சொல்லுக்குக் குறையாமல் 40,000 சொல்லுக்கு உட்பட்டிருப்பது நாவெல்லா. பரிசு கொடுக்க அப்படியொரு வரம்பு வேண்டியதுதான். ஆனால் வடிவத்தின் உயிர் சொற்கணக்கில் இல்லை.

அந்த உயிரைத் தேடியவர்கள் ஜெர்மானியர்கள். உண்மையில் நடந்த, அதுவரை கேள்விப்படாத ஒரு நிகழ்ச்சியே இவ்வடிவம் என்று 1827இல் கதே சொன்னார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பால் ஹைஸே, 1871இல் டெக்கமெரானின் ஒரு கதையை எடுத்துக்காட்டினார். ஃபெதெரிகோ காதலுக்காகச் செல்வத்தையெல்லாம் இழந்தவன். மிஞ்சியது ஒரு வல்லூறு. அவன் காதலித்த பெண் ஒருநாள் அவன் வீடு தேடி வருகிறாள். விருந்து படைக்க வேறொன்றும் இல்லாததால் வல்லூறைக் கொன்று சமைத்துப் பரிமாறுகிறான். உண்ட பிறகு அவள் வாய் திறக்கிறாள்: நோயுற்ற தன் மகன் ஆசைப்பட்ட அந்த வல்லூறைக் கேட்கத்தான் அவள் வந்திருந்தாள். இப்படிக் கதை முழுவதையும் தன்மேல் தாங்கும் ஒரு பொருளோ நிகழ்ச்சியோ ஒவ்வொரு நொவெல்லாவிலும் இருக்க வேண்டும் என்றார் ஹைஸே. எல்லாக் குறுநாவலுக்கும் இது பொருந்தாது. ஆனாலும் இதைவிடக் கைக்கடக்கமான உரைகல் கிடைப்பது அரிது.

காஃப்காவின் ‘உருமாற்றம்’ (1915) இதற்கு நன்றாக நிற்கும். ஒருவன் காலையில் பூச்சியாகக் கண்விழிக்கிறான். அதன் விளைவு கடைசிவரை தொடரப்படுகிறது. சிறுகதையானால் அந்தக் காலையோடு நின்றிருக்கலாம். நாவலானால் தந்தை, தங்கை, அலுவலகம் என்று தனித்தனி வாழ்க்கைகளாகக் கிளைத்திருக்கும். ஜெயகாந்தனின் ‘யாருக்காக அழுதான்?’ குறுநாவலிலும் ஒரு விடுதியில் காணாமற்போன பணமே அச்சு. பழி வேலைக்காரன் ஜோசப்பின் தலையில் விழுகிறது. சுற்றியிருக்கும் ஒவ்வொருவரின் குணமும் அந்தப் பழியை ஒட்டியே வெளிப்படுகிறது.