பர்கூர் ஹைவேயும் 500 மீட்டரும்

பர்கூர்னா பலருக்கும் ஜவுளிக்கடைதான் ஞாபகம் வரும். எனக்கு, அந்த ஊர் வழியா போற சென்னை–பெங்களூரு ஹைவே. ராத்திரி முழுக்க லாரி ஓடுற ரோடு.

இந்த மாதிரி ரோட்டுக்கும் டாஸ்மாக்குக்கும் எவ்வளவு தூரம் இருக்கணும்? வழக்கறிஞர் கே. பாலு நடத்திய வழக்கில், 2016 டிசம்பர் 15-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: தேசிய, மாநில நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது. 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் 3,000-க்கும் மேற்பட்ட கடைகள் மூடின. பெரிய விஷயம்தான். ஆனா அதுக்குள்ளேயே, 20,000 பேருக்கு மிகாத ஊர்களில் 220 மீட்டர் போதும்னு நீதிமன்றம் தளர்த்திடுச்சு. ஜூலையில், நகராட்சிப் பகுதிக்கு இந்தத் தடையே இல்லைன்னு விளக்கம். 220 மீட்டர்னா மூணு நிமிஷ நடைங்க! லாரியை ஓரங்கட்டிட்டுப் போற டிரைவருக்கு அது ஒரு தூரமா?

ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் ஆல்கஹால் தாண்டினா குற்றம். முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம். என்னைக் கேட்டா, மீட்டர் அளக்கிறதைவிட, நடுராத்திரி ஊதச் சொல்லி நிறுத்துற போலீஸ்தான் டிரைவரை யோசிக்க வைக்கும்.

சரி, விபத்து நடந்துடுச்சு. செலவு யாருடையது? 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, ஒரு வரம்பு வரை (ஆரம்பத்தில் அது ஒரு லட்சம் ரூபாய்), அரசே ஏத்துக்குது. கர்நாடகாக்காரருக்கும் உண்டு. நல்ல திட்டம். 2003-லிருந்து சில்லறையில் மது விக்கிறதும் இதே அரசுதான்.

49-வது மணி நேரத்தில் காப்பீட்டு அட்டை இருக்கான்னு கேப்பாங்க. இல்லாதவர் அரசு மருத்துவமனைக்கு மாறணும், இல்லேன்னா தனியார் பில்லைக் குடும்பம் கட்டணும். தலையில் அடிபட்டவர் ஆறு மாசம் ஸ்டியரிங் பிடிக்கலைன்னா, அந்தச் சம்பளமும் குடும்பத்தோட கணக்குலதான்.