மடையின் சாவி யாரிடம்?
கட்டற்ற கல்வி மென்பொருளும் தன்னார்வப் பொறியாளரும்

1

'இலஞ்சி' என்ற சொல்லுக்கு அகராதி தரும் பொருள்களில் ஒன்று நீர்நிலை. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே, வயலும் குளமுமாகக் கிடக்கிற இந்த ஊருக்கு அந்தப் பெயர் பொருந்தித்தான் போகிறது. மேற்கே தெரிகிற மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். செங்கோட்டை, புளியரை தாண்டிவிட்டால் ஆரியங்காவு. செங்கோட்டையே 1956 நவம்பர் 1 அன்றுதான் அந்த ராஜ்யத்திலிருந்து இந்த ராஜ்யத்துக்கு வந்தது. பேச்சு, சம்பந்தம், சந்தை எல்லாம் இரு பக்கமும் கலந்து கிடக்கிற பகுதி இது. ஆனால் இரு பக்கத்துப் பள்ளிக்கூடங்களின் கணினி அறைகளுக்கு மட்டும் வேறுவேறு வரலாறு இருக்கிறது. அந்த வேறுபாட்டிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

கணினிப் பொறியாளர் என்றால் சென்னை, பெங்களூர், அமெரிக்கா என்றிருந்த நிலை இங்கே கொஞ்சம் மாறியிருக்கிறது. மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் வந்த பிறகு ஊரிலிருந்தே வேலைக்குப் போய்வருகிற பொறியாளர்களைப் பார்க்கிறோம். இப்படிப்பட்ட ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் நேரம் இருக்கிறது, தான் படித்த பள்ளிக்கு ஏதாவது செய்யவேண்டும் என்ற எண்ணமும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காசு கொடுத்து வாங்கவேண்டாத, யாரும் திறந்து பார்க்கக்கூடிய மென்பொருள்கள் உலகெங்கும் குவிந்து கிடக்கின்றன. அவற்றைத் திருத்தவும் தமிழாக்கவும் அவர் உட்காருகிறார். அந்த உழைப்பு கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது? நிரல் திறந்திருந்தால் கல்வியும் திறந்துவிடும் என்று நாம் சுலபமாக நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கையைத்தான் இங்கே சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் 'குனு' திட்டத்தை அறிவித்தார். ஒரு மென்பொருளை எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம்; அதன் மூலநிரலைப் படித்து மாற்றலாம்; நகலெடுத்துப் பிறருக்குத் தரலாம்; மாற்றியதையும் தரலாம். இந்த நான்கு சுதந்திரங்களும் இருந்தால்தான் அது 'கட்டற்ற மென்பொருள்'. இந்தச் சுதந்திரங்களைச் சட்டத்தின் மொழியில் காப்பாற்றுகிற பொது உரிமம் 1989இல் வந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் கருவும் குனுவின் கருவிகளும் சேர்ந்து ஒரு முழு இயங்குதளம் ஆயிற்று. 'திறந்த மூலம்' என்ற சொல் 1998இல்தான் புழக்கத்துக்கு வருகிறது. நிறுவனங்களுக்கு உறுத்தாத சொல் அது. 'கட்டற்ற' என்பது பயன்படுத்துபவரின் உரிமையைப் பேசுகிறது. 'திறந்த' என்பது தயாரிக்கிற முறையைப் பேசுகிறது. இரண்டும் பெரும்பாலும் ஒரே நிரலைத்தான் சுட்டுகின்றன என்றாலும், அரசியல் ஒன்றல்ல.

இதில் தன்னார்வலர் செய்கிற வேலை என்ன? குழந்தைகள் படம் வரைவதற்கான டக்ஸ் பெயின்ட், எண்ணும் எழுத்தும் விளையாட்டாகச் சொல்லித்தரும் ஜிகாம்ப்ரி, பாடங்களை இணையவழி நடத்த உதவும் மூடுல் என்று எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்துகிறபோது ஒரு பிழை கண்ணில் படுகிறது. அதை எழுதி அனுப்புகிறார். முடிந்தால் திருத்தத்தையும் சேர்த்து அனுப்புகிறார். பராமரிப்பாளர் அதைப் படித்து, கேள்வி கேட்டு, சில சமயம் திருப்பியனுப்பி, ஏற்றுக்கொண்டால் அடுத்த வெளியீட்டில் சேர்க்கிறார். நிரல் தெரியாதவர்கள்கூட மொழிபெயர்ப்பில் நுழையலாம். திரையில் வருகிற ஒவ்வொரு சொற்றொடரும் ஒரு கோப்பில் வரிசையாக இருக்கும், பக்கத்தில் தமிழை எழுதவேண்டும், அவ்வளவுதான். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் கே.டி.இ. போன்ற திரைத்தளங்களைத் தமிழாக்கியவர்கள் இப்படித்தான் உழைத்தார்கள். கணினித் தமிழின் சொற்களை அரசும் பல்கலைக்கழகமும் மட்டும் தீர்மானிக்கவில்லை. பகல் வேலை முடித்துவிட்டு ராத்திரி சம்பளமில்லாமல் உட்கார்ந்தவர்களும் தீர்மானித்தார்கள். 2012இல் த. சீனிவாசனும் நண்பர்களும் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் இந்தக் கூட்டு உழைப்பின் தொடர்ச்சிதான்.

3

இனி ஒரு பொறியாளரின் வேலையைக் கிட்டத்தில் பார்க்கலாம். அமெரிக்காவில் பணிபுரியும் பொறியாளர் முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற நிரல்மொழியைச் சொல்கிறேன். 2007 வாக்கில் தொடங்கி 2009இல் வெளியில் வந்தது. பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலத்தின் வழியாகப் போகாமல் நேரே தமிழிலேயே கணினிக்குக் கட்டளை எழுதக் கற்கவேண்டும் என்பது அதன் நோக்கம். கட்டற்ற உரிமத்தில் இருக்கிறது. அது எப்படி இருக்கும்?

@( மதிப்பெண் >= 35 ) ஆனால்
பதிப்பி "தேர்ச்சி"
இல்லை
பதிப்பி "மறுபடி எழுது"
முடி

சாதாரணமாகத் தெரிகிற இந்த ஐந்து வரிகளில் ஒரு முக்கியமான முடிவு இருக்கிறது. ஆங்கிலத்தை அடியொற்றிய நிரல்மொழிகளில் நிபந்தனைச் சொல் முதலில் வரும், நிபந்தனை பிறகு வரும். எழிலில் நிபந்தனை முதலில், 'ஆனால்' பிறகு. நாம் பேசுவது அப்படித்தானே? 'மழை வந்துச்சுன்னா குடை எடுத்துக்க' என்கிறோம். 'ன்னா' கடைசியில்தான் வரும். ஆங்கிலச் சொல்லை எடுத்துவிட்டுத் தமிழ்ச் சொல்லை அந்த இடத்தில் ஒட்டுவது ஒரு வேலை. வாக்கியத்தின் எலும்பையே தமிழாக அமைப்பது வேறு வேலை. எழில் இரண்டாவதை முயன்றது. எழுத்தாளர் என். சொக்கனுடன் சேர்ந்து முத்து அண்ணாமலை இதற்கு ஒரு பாடநூலும் எழுதினார்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதிலும் நியாயம் உண்டு. பைத்தான் மொழியில் மொத்தமே 35 ஒதுக்குச் சொற்கள்தான். அதைப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ள மாட்டார்களா? தமிழில் கற்றுவிட்டு நாளைக்கு வேலைக்கு எந்த மொழியோடு போவது? சரிதான். ஆனால் தடை அந்த 35 சொற்களில் மட்டும் இல்லை. பிழை செய்கிறபோது கணினி தருகிற செய்தி, உதவிக் குறிப்பு, எடுத்துக்காட்டு எல்லாமே அந்நிய மொழியில் வருகின்றன. தப்பு எங்கே என்று தெரியாத பிள்ளை 'எனக்கு மூளை இல்லை' என்று முடிவுகட்டிக்கொள்கிறது. வேலைவாய்ப்பின் கேள்வி அதற்கு அப்புறம் வருவது.

எழில் நம் பள்ளிப் பாடத்திட்டத்துக்குள் வரவில்லை. 2019-20இல் வந்த புதிய 12ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் பைத்தான் வந்தது. பைத்தானும் கட்டற்றதுதான், நல்ல மொழிதான். ஆகவே இது எழிலின் தோல்வி என்று நான் சொல்லவில்லை. ஒரு தனிமனிதரின் கொடை, எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், அதை வாங்கிக்கொள்ள ஒரு கை இல்லாவிட்டால் திண்ணையிலேயே நின்றுவிடுகிறது. அந்தக் கை எது என்பதற்கு மலைக்கு அந்தப் பக்கம் ஒரு விடை இருக்கிறது.

4

கேரள அரசு 2001இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டத்தைத் தொடங்கியபோது பாடம் விண்டோஸைச் சுற்றித்தான் இருந்தது. அதே 2001இல்தான் ஸ்டால்மன் கலந்துகொள்ள, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. பொதுப்பள்ளியின் பாடம் ஒரு தனி நிறுவனத்தின் சரக்கோடு கட்டப்படலாமா என்ற கேள்வியை ஆர்வலர்களோடு ஆசிரியர் சங்கமும் கையிலெடுத்தது. 2005ஐ ஒட்டிப் படிப்படியாக லினக்ஸ் உள்ளே வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் செய்முறைத் தேர்வே அதில் நடந்தது.

எப்படி முடிந்தது? மென்பொருள் இலவசம் என்பதால் மட்டும் அல்ல. மூன்று விஷயங்கள் சேர்ந்தன. ஒன்று, பயிற்சி கொடுத்தவர்கள் வெளியாட்கள் இல்லை, வகுப்பறையிலிருந்து வந்த கணக்கு, அறிவியல், மொழி ஆசிரியர்களே. இரண்டு, இயங்குதளத்தைத் தங்கள் பாடநூலுக்கு ஏற்ப மாற்றித் தொகுத்தார்கள். எந்த வகுப்புக்கு எந்தக் கருவி, மலையாளம் எப்படித் தட்டச்சாக வேண்டும் என்று உட்கார்ந்து முடிவுசெய்தார்கள். ஸ்டால்மன் சொன்ன இரண்டாவது சுதந்திரம், அதாவது மாற்றும் சுதந்திரம், அங்கே காகிதத்தில் இல்லை, பயன்பாட்டில் இருந்தது. மூன்று, தேர்வு. எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தேர்வில் வராததைப் பள்ளிக்கூடம் தொடாது.

அங்கேயும் எல்லாம் பொன்னாகிவிடவில்லை. 2017இல் அந்தத் திட்டம் 'கைட்' என்ற அரசு நிறுவனமாயிற்று. மாநில மையம் தயாரிக்கிற தொகுப்பு எல்லாப் பள்ளிக்கும் போகிறது. மாற்றும் உரிமை ஆசிரியர் கையிலிருந்து மையத்துக்கு நகர்ந்துவிடுகிற ஆபத்து இருக்கவே செய்கிறது. என்றாலும், தன்னார்வலரின் திருத்தம் வந்து சேர ஒரு வாசல் அங்கே உண்டு.

5

இந்தப் பக்கம் என்ன நடந்தது? நாம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. உமாசங்கர் எல்காட் நிறுவனத்தின் பொறுப்பில் இருந்த 2006-2008 காலத்தில் அரசுக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றும் பெரிய முயற்சி நடந்தது. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குக் கருவி கிடைத்தது. விண்டோஸோடு சி-டாக் தயாரித்த 'பாஸ்' லினக்ஸையும் சேர்த்து வந்த பெட்டிகள் அதில் உண்டு. திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? பாடநூலில் ஓப்பன் ஆஃபீஸ் வந்தது, பைத்தான் வந்தது. பைத்தான் நிரலைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து விடைத்தாளில் பேனாவால் எழுதினார்கள்.

அதாவது, கட்டற்ற மென்பொருள் நம்மிடம் ஒரு சரக்காக வந்தது. உறவாக வரவில்லை. பாவ்லோ ஃப்ரெய்ரே 'வங்கி முறைக் கல்வி' என்று விமர்சித்தாரே, ஆசிரியர் போட்டுவைப்பார், மாணவர் சேமித்துவைப்பார் என்று, அந்தக் கணக்கேட்டில் இதுவும் ஒரு வரவு.

2017இல் வந்த 'திக்ஷா' தளத்தை இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும். 2018இல் வந்த நம் புதிய பாடநூல்களில் அச்சான கட்டக் குறியீடுகள் ஞாபகமிருக்கும். அந்தத் தளத்தின் அடியிலிருக்கும் 'சன்பேர்ட்' நிரல் திறந்த உரிமத்தில்தான் இருக்கிறது. யாரும் படிக்கலாம். ஆனால் அது ஒரு மாநிலம், ஒரு தேசம் என்ற அளவுக்குக் கட்டப்பட்டது. ஒரு பள்ளிக்கூடம் தனக்கென்று மாற்றி வைத்துக்கொள்ளும் அளவுக்கு அல்ல. நிரல் திறந்திருக்க, அதிகாரம் மூடியிருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

நண்பர்கள் சிலர் ஓர் ஊரில் பள்ளிக் கணினிகளுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்தபோது நானும் கூட இருந்தேன். வேலை முடிந்ததும் அங்கிருந்த டீச்சர் கேட்டார்: 'தம்பி, நீங்க போட்டுட்டுப் போயிருவிய. நாளைக்கு இது தொறக்கலன்னா நா யாருகிட்ட போவேன்? ஆபீஸ்ல கேட்டா எனக்கில்லா மெமோ வரும்?' எங்களிடம் பதில் இல்லை. மூன்று மாதம் கழித்துப் போனபோது அறை பூட்டிக் கிடந்தது. தப்பு டீச்சருடையது அல்ல. நாங்கள் கொடுத்தது மென்பொருள், அவர் கேட்டது உரிமை.

6

இன்னொரு கேள்வியையும் தவிர்க்க முடியாது. சம்பளமில்லாத உழைப்பைக் கொண்டாடுகிறபோது நாம் எதைக் கொண்டாடுகிறோம்? கட்டற்ற மென்பொருளைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஊர்ப் பொதுச்சொத்தை, குறிப்பாகக் குடிமராமத்தை, உவமையாகச் சொல்வதுண்டு. ஊரே சேர்ந்து குளத்தைத் தூர்வாருகிற அழகிய சித்திரம். ஆனால் 1858இல் வெள்ளையர் அரசு அந்த 'வழக்க'த்தைச் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டமாக்கியது. வராதவர்களிடம் பணம் வசூலித்தது. மண் சுமந்தவர் யார், நீர் பாய்ந்தது யார் வயலுக்கு என்று கேட்டால் சாதியின் கணக்கு வெளியே வரும். பொதுச்சொத்து என்ற சொல்லால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது.

இன்றைய தன்னார்வமும் அப்படித்தான். ராத்திரி இரண்டு மணிநேரம் கணினி முன் உட்காரக்கூடியவர் யார்? நிலையான சம்பளமும், தனக்காகச் சமைத்துவைக்க வீட்டில் ஒருவரும் உள்ளவர். பள்ளி முடிந்து பஸ் பிடித்து வீடு போய் உலை வைக்கிற டீச்சருக்கு அந்த நேரம் இல்லை. ஆகவே கல்வி மென்பொருளின் வடிவத்தைப் பொறியாளர்களே தீர்மானிக்கிறார்கள். வகுப்பறையை அறிந்தவர் 'பயனர்' ஆகிவிடுகிறார். கேரளம் இதைத் தாண்டிய அளவுக்குத் தாண்டியதற்குக் காரணம், ஆசிரியரின் நேரத்தைப் பயிற்சியாளர் பணியாக அரசு அங்கீகரித்தது. தானமாகக் கேட்கவில்லை.

அப்படியானால் பொறியாளர் என்ன செய்வது, வீட்டில் சும்மா இருப்பதா? இல்லை. வேலையின் வரிசையை மாற்றவேண்டும். மென்பொருளைக் கொண்டுபோவதற்கு முன்னால் ஒரு பருவம் முழுக்க வகுப்பில் உட்கார்ந்து எங்கே தட்டுகிறது என்று கேட்கலாம். திருத்தத்தைத் தன் பெயரில் அனுப்பாமல், கண்டுபிடித்த டீச்சரின் பெயரில் அனுப்பலாம், அனுப்பும் முறையை அவருக்குக் கற்றுத்தரலாம். பிழைச்செய்திகளைத் தமிழாக்குவதற்கு முன் பிள்ளைகளிடம் படித்துக்காட்டிப் புரிகிறதா என்று பார்க்கலாம். ஆசிரியர் சங்கங்களிடம் போய், பணிநேரத்தில் இதற்கு மணிநேரம் ஒதுக்கக் கேளுங்கள், செய்முறைத் தேர்வைக் கோருங்கள், கெட்டுப்போனால் மெமோ வராது என்று எழுத்தில் வாங்குங்கள் என்று சொல்லலாம். இது நிரல் எழுதுவதைவிடக் கஷ்டமான வேலை. ஆனால் எழில் போன்ற ஒரு கொடை வகுப்புக்குள் நுழைய வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை.

சாரல் காலத்தில் எங்கள் ஊர்க் குளத்துக்குத் தண்ணீர் தானாக வந்துவிடும். எந்த வயலுக்கு எப்போது என்பதை மடையைத் திறக்கிறவர்தான் தீர்மானிக்கிறார். கட்டற்ற மென்பொருளும் வந்துகொண்டுதான் இருக்கிறது. சாவி அந்த டீச்சர் கையில் இருக்கிறதா என்பதுதான் இனி நாம் கேட்கவேண்டியது.