குழாயைத் திறந்தால் காரீயம்!

அமெரிக்காவில் மிச்சிகன் என்று ஒரு மாநிலம். அங்கே பிளிண்ட் என்று ஒரு நகரம். டெட்ராய்ட் நகரத்தில் இருந்து சுமார் 70 மைல் தூரம்.

பிளிண்ட், கார் செய்யும் ஊர். ஜெனரல் மோட்டார்ஸ் என்ற பெரிய கார் கம்பெனி 1908-ம் ஆண்டில் பிறந்தது இந்த ஊரில்தான்.

உலகத்திலேயே பணக்கார நாடு அமெரிக்கா. கடல் போன்ற ஏரிகள் சூழ்ந்த மாநிலம் மிச்சிகன். அப்படிப்பட்ட இடத்தில், ஒன்றரை ஆண்டு காலம், தாய்மார்கள் தங்கள் குழந்தைகளுக்கு விஷம் கலந்த தண்ணீரைக் கொடுத்தார்கள்.

விஷம் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அதிகாரிகளோ, "நல்ல தண்ணீர்தான், குடிக்கலாம்" என்று சொல்லிக் கொண்டு இருந்தார்கள்.

கஜானா காலி

ஒரு காலத்தில் பிளிண்ட் நகரில் ஏறக்குறைய 2 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். பிறகு கார் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வேலை போனவர்கள் ஊரை விட்டுப் போனார்கள். 2014-ம் ஆண்டில் மிஞ்சி இருந்தவர்கள் சுமார் 1 லட்சம் பேர். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் கறுப்பு இன மக்கள். ஏழைகள் அதிகம்.

ஆள் குறைந்தால் வரியும் குறையும் அல்லவா? நகர சபையின் கஜானா காலி ஆயிற்று. 2011-ம் ஆண்டில் மாநில கவர்னர் ஒரு தனி அதிகாரியை நியமித்தார். வரவு செலவு எல்லாம் அவர் கையில். மேயரும் கவுன்சிலர்களும் பெயருக்குத்தான் இருந்தார்கள்.

எந்தச் செலவைக் குறைக்கலாம் என்று பார்த்தார்கள். கண்ணில் பட்டது தண்ணீர்.

1967-ம் ஆண்டு முதல் பிளிண்ட் மக்கள் குடித்து வந்தது டெட்ராய்ட் நகரத்தின் தண்ணீர். ஹியூரான் ஏரியில் எடுத்து, சுத்தம் செய்து, குழாய் வழியாக அனுப்புவார்கள். நல்ல தண்ணீர். ஆனால் விலை அதிகம்.

அதே ஏரியில் இருந்து புதிதாக ஒரு குழாய் போட்டுக் கொண்டால் பணம் மிச்சம் என்று கணக்குப் போட்டார்கள். புதிய குழாய் வேலை முடியக் காலம் பிடிக்கும். அதுவரை என்ன செய்வது? ஊருக்கு நடுவே பிளிண்ட் ஆறு ஓடுகிறதே! அதையே குடிப்பது என்று முடிவு ஆயிற்று.

2014-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 25-ந் தேதி. மேயர் ஒரு பட்டனை அழுத்தினார். டெட்ராய்ட் தண்ணீர் நின்றது. ஆற்றுத் தண்ணீர் வந்தது. அங்கே கூடி இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு கிளாஸ் தண்ணீரைக் கையில் உயர்த்திப் பிடித்து, மகிழ்ச்சியோடு குடித்தார்கள்.

பூச்சு போயிற்று

ஆறு அழுக்கு, அதனால் வந்தது கேடு என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். அழுக்கு ஆற்றையும் சுத்தம் செய்து குடிக்க முடியும். உலகத்தில் எத்தனையோ நகரங்கள் குடிக்கின்றன. பிளிண்ட் நகரைக் கெடுத்தது வேறு ஒன்று.

நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது வழக்கம். பூச்சு இருக்கும் வரை அதில் புளிக்குழம்பு வைக்கலாம். பூச்சு தேய்ந்து விட்டால்? களிம்பு ஏறும். குழம்பு கெட்டு விடும். தாய்மார்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியது இல்லை.

பிளிண்ட் நகரில் நடந்ததும் இதைப் போன்றதுதான்.

அந்த ஊரில் பழைய காலத்துக் குழாய்கள் பல, காரீயத்தால் ஆனவை. (பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். அது வேறு. காரீயம் விஷம்.) தெருவில் போகும் பெரிய குழாயில் இருந்து வீட்டுக்குள் தண்ணீர் கொண்டு வருவது இந்தக் காரீயக் குழாய்கள்தான். அமெரிக்காவில் 1986-ம் ஆண்டில் இப்படிப்பட்ட குழாய் புதிதாகப் போடக் கூடாது என்று தடை வந்தது. ஆனால் பூமிக்குள் ஏற்கெனவே புதைத்தது புதைத்தபடியே கிடந்தது.

டெட்ராய்டில் தண்ணீரைச் சுத்தம் செய்யும்போது, பாஸ்பேட் என்ற உப்பைச் சிறிது சேர்ப்பார்கள். அது குழாயின் உள்பக்கம் மெல்லிய பூச்சுப் போலப் படிந்து கொள்ளும். தண்ணீருக்கும் காரீயத்துக்கும் நடுவே சுவர் எழுப்பியது போல! அதனால்தான் அத்தனை ஆண்டுகள் கேடு வரவில்லை.

ஆற்றுத் தண்ணீருக்கு மாறியபோது இந்தப் பாஸ்பேட்டைச் சேர்க்கவில்லை. ஆற்றுத் தண்ணீரோ உலோகத்தை அரிக்கும் குணம் உள்ளது. அதில் குளோரைடு என்ற உப்பு, பழைய தண்ணீரில் இருந்ததைப் போலப் பல மடங்கு. கொஞ்சம் கொஞ்சமாகப் பூச்சு கரைந்தது. பிறகு குழாயே கரைந்து தண்ணீரில் கலந்தது.

பாஸ்பேட் சேர்க்க என்ன செலவு ஆகி இருக்கும்? நாள் ஒன்றுக்கு சுமார் 100 டாலர்தான் என்று பின்னால் நிபுணர்கள் கணக்குச் சொன்னார்கள். லட்சம் பேர் வாழும் ஊருக்கு அது ஒரு செலவா?

இரும்புக்கு ஆகாத தண்ணீர்

சில வாரங்களிலேயே மக்கள் முறையிடத் தொடங்கினார்கள். தண்ணீர் பழுப்பு நிறமாக வருகிறது என்றார்கள். நாற்றம் அடிக்கிறது என்றார்கள். குளித்தால் உடம்பில் தடிப்புத் தடிப்பாக வருகிறது என்றார்கள்.

ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் தண்ணீரில் கிருமிகள் இருப்பது தெரிந்தது. கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று நகர சபை அறிவித்தது. கிருமியைக் கொல்ல குளோரின் மருந்தை அதிகமாகக் கலந்தார்கள். அந்த மருந்தே தண்ணீரில் உள்ள கசடோடு சேர்ந்து வேறு கெட்ட ரசாயனங்களை உண்டாக்கியது.

அக்டோபர் மாதம் ஒரு வேடிக்கை நடந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் இன்ஜின் தொழிற்சாலை, "இந்தத் தண்ணீர் எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லி விட்டது. காரணம்? இன்ஜின் பாகங்கள் துருப்பிடிக்கின்றன! தொழிற்சாலைக்கு மட்டும் வேறு தண்ணீர் கொடுத்தார்கள்.

இரும்புக்கு ஆகாத தண்ணீரைத்தான் ஊர் மக்கள் மேலும் ஒரு வருடம் குடித்தார்கள்.

அந்த ஒன்றரை வருடத்தில் ஊரில் ஒரு விதமான நிமோனியாக் காய்ச்சலும் பரவியது. லீஜனேர் நோய் என்று அதற்குப் பெயர். தண்ணீரில் வளரும் கிருமியால் வருவது. சுமார் 90 பேர் நோயில் விழுந்தார்கள். 12 பேர் இறந்ததாக சர்க்கார் கணக்கு.

ஒரு தாயின் போராட்டம்

லீ ஆன் வால்ட்டர்ஸ் என்ற பெண், 4 குழந்தைகளின் தாய். அவருடைய குழந்தைகளுக்கு உடம்பு எல்லாம் தடிப்பு. தலைமுடி கொட்டியது. குழாயைத் திறந்தால் பழுப்புத் தண்ணீர். அதைப் பாட்டிலில் பிடித்துக் கொண்டு போய் அதிகாரிகளின் கூட்டத்தில் காட்டினார். கோளாறு உங்கள் வீட்டுக் குழாயில்தான் என்று சொல்லி அனுப்பி விட்டார்கள்.

அவர் வீட்டுக்குள் இருந்ததோ பிளாஸ்டிக் குழாய்!

2015-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அவர் வீட்டுத் தண்ணீரைச் சோதித்தார்கள். நூறு கோடிப் பங்கு தண்ணீரில் 15 பங்குக்கு மேல் காரீயம் இருந்தால் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அப்போதைய அமெரிக்க விதி. அந்த வீட்டில் இருந்தது 104 பங்கு. அடுத்த மாதம் 397 பங்கு!

அந்த அம்மாள் சும்மா இருக்கவில்லை. தண்ணீர் சுத்தம் செய்வது பற்றிய காகிதங்களை எல்லாம் தேடிப் பிடித்துப் படித்தார். குழாய் அரிக்காமல் இருக்க எந்த மருந்தும் சேர்க்கவில்லை என்பதைக் கண்டு கொண்டார். மத்திய சர்க்காரின் சுற்றுப்புறப் பாதுகாப்பு இலாகாவில் மிகேல் டெல் டோரல் என்ற அதிகாரி இருந்தார். அவரிடம் இதைச் சொன்னார். அவர் நேரில் வந்து பார்த்தார். ஜூன் மாதத்தில் மேலிடத்துக்கு எச்சரிக்கை எழுதினார்.

பலன் என்ன? கவலைப்பட ஒன்றும் இல்லை என்று மாநில அதிகாரி ஒருவர் ரேடியோவில் சொன்னார்!

வர்ஜீனியா டெக் பல்கலைக் கழகத்தில் மார்க் எட்வர்ட்ஸ் என்ற பேராசிரியர், குழாய் அரிப்பு பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். வால்ட்டர்ஸ் வீட்டுத் தண்ணீரை அவர் சோதித்தபோது ஒரு பாட்டிலில் 13,000-க்கு மேல் இருந்தது. 5,000 இருந்தாலே அதை அபாயகரமான கழிவு என்று ஒதுக்க வேண்டுமாம்.

2015 ஆகஸ்டு மாதத்தில் அவரும் மாணவர்களும் ஊர் மக்களுக்கு 300 வீடுகளுக்கான பாட்டில்களை அனுப்பினார்கள். வால்ட்டர்சும் மற்றப் பெண்களும் வீடு வீடாகப் போனார்கள். 250 வீடுகளுக்கு மேல் தண்ணீர் திரும்பி வந்தது. ஊர் முழுவதும் காரீயம் பரவி இருப்பது வெட்டவெளிச்சம் ஆயிற்று.

நகர சபையும் சோதனை செய்துதான் வந்தது. அதில் ஏன் தெரியவில்லை? அங்கேதான் சூட்சுமம்.

இரவு முழுவதும் குழாயில் நின்ற தண்ணீரில்தான் காரீயம் அதிகம் கலந்து இருக்கும். காலையில் வரும் அந்த முதல் தண்ணீரைத்தான் பாட்டிலில் பிடிக்க வேண்டும். நகர சபையோ, முதல் நாள் இரவே குழாயைச் சில நிமிடங்கள் திறந்து விட்டு, தண்ணீரை ஓட விடச் சொன்னது. குழாய் கழுவி விட்டது போல் ஆகும். கணக்கில் காரீயம் குறைந்து தெரியும். அது போதாது என்று, கூடுதலாகக் காட்டிய 2 வீடுகளைக் கணக்கில் இருந்தே நீக்கி விட்டார்கள். அதில் ஒன்று வால்ட்டர்ஸ் வீடு. நீக்கிய பிறகு கணக்கு 15-க்குள் அடங்கி விட்டது.

டாக்டர் அம்மாள் கண்ட கணக்கு

பிளிண்ட் நகரில் ஹர்லி ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே குழந்தை டாக்டர் மோனா ஹன்னா அட்டிஷா. ஈராக் நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்தவர். குழாய்த் தண்ணீர் கொடுக்கலாமா என்று கேட்ட தாய்மார்களுக்கு, கொடுக்கலாம் என்று சொல்லி வந்தவர்.

அந்த ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் அவர் வீட்டு விருந்துக்குப் பள்ளித் தோழி ஒருவர் வந்தார். தோழி தண்ணீர் இன்ஜினீயர். பேச்சோடு பேச்சாக, இந்த ஊர்த் தண்ணீரில் அரிப்பைத் தடுக்கும் மருந்து சேர்க்கவில்லை, காரீயம் இருக்கும் என்று சொன்னார்.

டாக்டருக்குத் தூக்கம் போயிற்று. காரீயம் குழந்தையின் மூளையைத் தாக்கும். படிப்பு ஏறாது. கவனம் நிற்காது. முன்கோபம் வரும். ஒரு தடவை கெட்டது கெட்டதுதான். உடம்பில் இவ்வளவு வரை இருந்தால் கேடு இல்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது.

ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கு ரத்தம் சோதித்த கணக்கு இருந்தது. அதை எடுத்துப் பார்த்தார். தண்ணீர் மாறுவதற்கு முன், ரத்தத்தில் காரீயம் கூடுதலாக உள்ள குழந்தைகள் 100-க்கு 2.4. மாறிய பிறகு 4.9. இரண்டு மடங்கு!

செப்டம்பர் 24-ந் தேதி நிருபர்களைக் கூட்டி இதை வெளியிட்டார். பால் பவுடரைக் குழாய்த் தண்ணீரில் கரைக்காதீர்கள் என்று தாய்மார்களுக்குச் சொன்னார். உடனே மாநில அதிகாரிகள் அவர் மேல் பாய்ந்தார்கள். கணக்கைத் திரிக்கிறார், பீதியைக் கிளப்புகிறார் என்றார்கள். தங்கள் கணக்கைத் தாங்களே திரும்பப் பார்த்தபோது, டாக்டர் சொன்னது சரி என்று தெரிந்தது. ஒரு வாரத்தில் ஒப்புக் கொண்டார்கள்.

அக்டோபர் 16-ந் தேதி பிளிண்ட் நகருக்கு மறுபடியும் டெட்ராய்ட் தண்ணீர் வந்தது. ஆனால் அரித்துப் போன குழாய்கள்? அவை அரித்தபடியே இருந்தன. தண்ணீர் நல்லது, வரும் வழி கெட்டது. 2016 ஜனவரி மாதத்தில் ஜனாதிபதி ஒபாமா நெருக்கடி நிலை அறிவித்தார். சிப்பாய்கள் வீடு வீடாகப் பாட்டில் தண்ணீரும் வடிகட்டியும் கொடுத்தார்கள்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். காரீயம் சாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட, மீதித் தண்ணீரில் அதன் அளவு கூடத்தான் செய்யும். நகர சபை சொன்னபடி கொதிக்க வைத்துக் குடித்தவர்களையும் அது விடவில்லை.

பிறகு என்ன ஆயிற்று?

அதிகாரிகள் மேல் கிரிமினல் வழக்குகள் போடப்பட்டன. வருடக் கணக்கில் நடந்தன. 2023-ம் ஆண்டில் கடைசி வழக்கும் முடிந்து போயிற்று. ஒருவரும் ஜெயிலுக்குப் போகவில்லை.

நஷ்ட ஈடு வழக்கில் 62 கோடியே 60 லட்சம் டாலர் கொடுப்பது என்ற ஏற்பாட்டுக்கு 2021-ம் ஆண்டு நவம்பரில் நீதிபதி சம்மதம் கொடுத்தார். அதில் ஏறக்குறைய 5-ல் 4 பங்கு, அன்று குழந்தைகளாக இருந்தவர்களுக்கு.

வால்ட்டர்சுக்கு 2018-ம் ஆண்டில் கோல்டுமேன் பரிசு கிடைத்தது. சுற்றுப்புறத்தைக் காக்கப் பாடுபடுகிறவர்களுக்குக் கொடுக்கும் பெரிய பரிசு அது.

காரீயக் குழாய்களைத் தோண்டி எடுக்கும் வேலை பல ஆண்டுகள் இழுத்தது. எந்த வீட்டில் எந்தக் குழாய் என்ற சரியான குறிப்பே நகர சபையிடம் இல்லை. தோண்டிப் பார்த்துத்தான் தெரிந்து கொண்டார்கள். 28,000 இடங்களுக்கு மேல் தோண்டினார்கள். ஏறக்குறைய 11,000 காரீயக் குழாய்களை எடுத்து விட்டு, வேறு குழாய் போட்டார்கள். வேலை முடிந்தது என்று கோர்ட்டில் அறிக்கை கொடுத்தது 2025-ம் ஆண்டு ஜூலை மாதத்தில்! கெட்ட தண்ணீர் வந்த நாளில் இருந்து எண்ணினால் 11 வருடம்.

அன்று பால் பாட்டிலில் அந்தத் தண்ணீரைக் குடித்த குழந்தைகள் இப்போது வளர்ந்து பள்ளிக்கூடம் போகிறார்கள்.

டாக்டர் அம்மாள் அந்த ஊரிலேயே பணி செய்கிறார். 2024 ஜனவரி முதல் அவருடைய முயற்சியால் ஒரு திட்டம் நடக்கிறது. பிளிண்ட் நகரில் கர்ப்பமாக உள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் 1,500 டாலர். குழந்தை பிறந்த பிறகு ஒரு வருடத்துக்கு மாதம் 500 டாலர். ஏழையா, பணக்காரரா என்று கேட்பது இல்லை. பிளிண்ட் ஊரில் வசிக்கிறவரா என்று மட்டும்தான் கேட்கிறார்கள்.